நஞ்சு விழுந்தால் சர்க்கரையும் விழுந்துவிடுமா?

"அதான் பிள்ளை பொறந்தாச்சே, இனிமே சுகர் எல்லாம் இருக்காதும்மா." புனேயின் விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பில் இந்தப் பேச்சு எழாத பிரசவ வீடு கிடையாது. தமிழில் சொல்கிறார்கள், மராத்தியில் சொல்கிறார்கள். மாமியார் சொல்கிறார், கீழ்வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி, பெரியம்மா) சொல்கிறார், சில நேரம் மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். இது தவறு. ஒரு பெண்ணின் கண்ணையும் சிறுநீரகத்தையும் அடுத்த கர்ப்பத்தையும் காவு வாங்கக்கூடிய தவறு.

அவர்கள் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. நஞ்சு விழுந்ததும் அந்தத் தடை நீங்குகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்களில் பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை இயல்புக்கு இறங்கிவிடுகிறது. இது உண்மை. பச்சை உடம்புக்காரிக்கு ஊட்டம் வேண்டும், அவளைப் பட்டினி போடக் கூடாது. இதுவும் உண்மை. பிரசவமே மறுபிறப்பாக இருந்த காலத்தில் நம் பாட்டிமார் கிண்டிக் கொடுத்த லேகியமும் வைத்த பத்தியமும் எத்தனையோ பெண்களை எழுப்பி உட்காரவைத்தன. அதையும் நான் மறுக்கவில்லை. ஆகவே, "மூணு மாசமா சோத்தை அளந்து, விரலைக் குத்தி, ஊசி போட்டு அலுத்துப்போனவளை இனியாவது நிம்மதியா விடுங்க, அவ பிள்ளையைப் பார்க்கட்டும்" என்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு அவளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை யாரும் பின்தொடர்ந்து பார்ப்பதில்லை.

1. போனது நஞ்சு, காரணம் உள்ளேயே இருக்கிறது. நஞ்சுக்கொடி எல்லாக் கர்ப்பிணிக்கும் உண்டு. அந்த ஹார்மோன்களும் எல்லோருக்கும் உண்டு. அப்படியானால் எல்லோருக்கும் ஏன் சர்க்கரை வருவதில்லை? பெரும்பாலோரின் கணையம் தேவைக்கேற்பக் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்துவிடுகிறது. சிலரது கணையத்தால் முடிவதில்லை. கர்ப்பம் அந்தக் குறையை உண்டாக்கவில்லை, வெளியே காட்டியது. பாரம் ஏற்றியபோது அச்சு வளைந்த வண்டி, பாரத்தை இறக்கியதும் ஓடத்தான் செய்யும். அச்சு நிமிர்ந்துவிட்டது என்று எந்த வண்டிக்காரரும் நம்பமாட்டார்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதன்முதலில் அளவுகோல் வகுத்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய ஜான் ஓ'சல்லிவனும் கிளேர் மேஹனும். ஆண்டு 1964. எந்த அடிப்படையில் கோடு கிழித்தார்கள் தெரியுமா? எந்த அளவுக்கு மேல் போன தாய்மார்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வருகிறது என்பதை வைத்து. அதாவது, "கர்ப்பத்தோடு போய்விடும்" என்று நாம் சொல்லும் நோயின் வரையறையே, அது போகாமல் திரும்பி வரும் பெண்களை அடையாளம் காணப் பிறந்தது. 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு என்று தெரிந்தது. 2020இல் இன்னும் பெரிய தொகுப்பு வந்தது. அது ஏறக்குறைய பத்து மடங்கு என்றது. அதிலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஐந்து ஆண்டுகளில்தான் நோய் வேகமாக எட்டிப் பார்க்கிறது. பிள்ளைக்கு நடக்கப் பழக்கி, பேசப் பழக்கி, பள்ளியில் சேர்க்கும் அதே ஐந்து ஆண்டுகள். தாய் தன்னைக் கண்ணாடியில்கூடப் பார்க்க நேரமில்லாத ஆண்டுகள்.

2. "இவ்ளோ ஒல்லியா இருக்கா, இவளுக்கா சுகர்?" இந்தக் கேள்வியைப் புனேயில் இருந்துகொண்டு கேட்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட பதில் இந்த ஊரிலிருந்துதான் போயிற்று. ராஸ்தா பேட்டையில், சர்தார் முதலியார் சாலையில் இருக்கிறது கே.இ.எம். மருத்துவமனை. விஷ்ராந்த்வாடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே நீரிழிவுப் பிரிவை நடத்திவந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசு ஒரே எண்ணைக் காட்டியது. உள்ளே இருந்த உடம்பு வேறு.

யாக்னிக்கின் குழு 1993இல் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொடங்கிய தாய்மார் ஊட்டச்சத்து ஆய்வு இதன் வேரை இன்னும் கீழே போய்க் காட்டியது. இங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, குறைந்திருந்தது தசை. பிறக்கும்போதே ஒல்லி, பிறக்கும்போதே கொழுப்பு. அப்படிப் பிறந்த பெண்தான் வளர்ந்து, இன்று கையில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது என்பதற்காக அவளைப் பரிசோதனையிலிருந்து விலக்கி வைப்பவர்கள் தோலைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

3. "பால் ஊறணும்னா இனிப்பு சாப்பிட்டாகணும்." போன மாதம் எங்கள் மாடியில் ஒரு பெண் பிள்ளை பெற்று வந்தாள். எட்டாம் மாதத்திலிருந்து இன்சுலின் போட்டுக்கொண்டவள். நான் பார்க்கப் போனபோது கட்டிலருகே இரண்டு டப்பாக்கள். ஒன்றில் கீழ்வீட்டு மாவ்ஷி கொண்டுவந்த டிங்காச்சே லாடு: நெய்யில் பொரித்த பிசின், கொப்பரை, உலர்ந்த பேரீச்சை, கசகசா, எல்லாவற்றையும் பிடித்து வைக்க வெல்லப் பாகு. இன்னொன்றில் அவள் அம்மா திருநெல்வேலியிலிருந்து தூக்கி வந்த பிரசவ லேகியம்: சுக்கு, திப்பிலி, ஓமம், நல்லெண்ணெய், கருப்பட்டி. காலையில் இரண்டு லாடு, வெறும் வயிற்றில் நெல்லிக்காயளவு லேகியம், நாலு வேளையும் சர்க்கரை போட்ட பால். "கருப்பட்டிதானே, அது சுகர் இல்லையே" என்றார் அந்த அம்மா, முழு நம்பிக்கையோடு. கருப்பட்டியும் வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான். நிறம் கறுத்ததால் ரத்தத்தில் அது வேறொன்றாகிவிடாது.

பால் எப்படி ஊறுகிறது? பிள்ளை சப்பச் சப்ப, மார்பு காலியாகக் காலியாக ஊறுகிறது. இனிப்பு அதைக் கூட்டுவதில்லை. சொல்லப்போனால் நீரிழிவுள்ள தாய்க்குப் பால் கட்டி இறங்குவதே ஓரிரு நாள் தாமதமாகும் என்பதுதான் மருத்துவர்கள் கண்டது. அதற்கு மருந்து லாடு அன்று. பிறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போடுவதும், திரும்பத் திரும்பப் போடுவதும்தான். அந்தப் பிள்ளைக்கும் முதல் சில மணி நேரங்களில் சர்க்கரை இறங்கிவிடும் அபாயம் உண்டு. சீம்பால் அதற்கும் காப்பு.

பாட்டியின் அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. பால்சுறாப் புட்டு இருக்கட்டும். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு, வெந்தயம் எல்லாம் இருக்கட்டும். புரதமும் இரும்பும்தான் இழந்த உடம்புக்கு வேண்டியவை. தட்டில் சோறு மலையாகக் குவிவதும், நாற்பது நாளும் பாகில் பிடித்த உருண்டைகள் வரிசையாக வருவதும் மட்டும் வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. அதை நல்ல சாப்பாட்டில் ஈடுகட்டலாம், வெல்லத்தில் ஈடுகட்ட வேண்டியதில்லை. பால் கொடுப்பது தாய்க்கே மருந்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வட கலிபோர்னியாவில் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த ஆயிரத்தை ஒட்டிய பெண்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்களுக்கு, புட்டிப்பாலையே நம்பியவர்களைவிட நீரிழிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது.

4. "மருந்து பால்ல இறங்கிடும், நிறுத்திடு." கர்ப்பத்துக்கு முன்பே முதல் வகை, இரண்டாம் வகை நீரிழிவோடு இருந்த பெண்களுக்கு இந்த அறிவுரை நேரடியாகவே ஆபத்து. இன்சுலின் ஒரு புரதம். தாய்ப்பாலில் இயல்பாகவே இருப்பது. பிள்ளையின் வயிற்றில் செரித்துப் போவது. மெட்ஃபார்மின் பாலில் இறங்குகிறது, மிக மிகச் சிறிய அளவில். பால் கொடுக்கும் தாய் அதைச் சாப்பிடலாம் என்பதே மருத்துவ நிலைப்பாடு. இங்கே ஒரு எச்சரிக்கை. மெட்ஃபார்மின் நாள்பட்டால் உடம்பில் பி12 சத்தைக் குறைக்கும். நான் மேலே சொன்ன புனே ஆய்வில் தாய்மார்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்தச் சத்து ஏற்கெனவே குறைவு. ஆகவே நம் ஊர்ப் பெண்கள் பி12 அளவையும் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் கண்ணில் படாத அபாயம் ஒன்று நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. நஞ்சு விழுந்த அன்றே இன்சுலின் தேவை சடாரென்று இறங்குகிறது. கர்ப்பத்துக்கு முன் போட்ட அளவைவிடக்கூடக் குறையலாம். அதோடு ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் சர்க்கரை இன்னும் கொஞ்சம் இறங்கும். அளவை மாற்றாமல் பழைய ஊசியைத் தொடர்பவளுக்கு, பத்தியம் என்று ராச்சாப்பாட்டையும் குறைத்துவிட்டால் என்ன ஆகும்? விடியற்காலை மூன்று மணி, பிள்ளை மடியில், கை நடுக்கம், நெற்றியில் வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வீட்டார் "தூக்கமில்லாத களைப்பு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீட்டர் 70க்குக் கீழே காட்டும். பிள்ளை கைதவறும் கணம் அதுதான். பால் கொடுக்கும் இடத்தில் கையெட்டும் தூரத்தில் சர்க்கரையும் தண்ணீரும் இருக்க வேண்டும். ராத்திரி பால் கொடுக்குமுன் ஏதாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பிரசவம் முடிந்த அன்றே மருத்துவரிடம் புது அளவு எழுதி வாங்க வேண்டும். சர்க்கரை போய்விட்டது என்று சொல்லும் வீட்டில் இதையெல்லாம் யார் செய்வார்கள்?

5. "கைப்பிள்ளைக்காரிக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது?" இருக்கும் வாதங்களிலேயே நியாயமாகத் தோன்றுவது இதுதான். இதற்குத்தான் நான் மிகவும் கோபப்படுகிறேன்.

என் முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. எந்த மருத்துவமனைச் சீட்டும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும். பிள்ளைக்கு: ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று தடுப்பூசித் தேதிகள், சிவப்பு மையில் அடிக்கோடு. எனக்கு: இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, தையலைக் காட்ட எட்டாம் நாள் வரவும். ஏழாம் மாதத்திலிருந்து இன்சுலின் போட்ட பெண் நான் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை. ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு நான் போனேன். வெயிலில், ஆட்டோவில், பிள்ளையைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். நேரம் இருந்தது. கேட்க ஆளில்லை.

அதே ஆறாவது வாரத்தில்தான் தாய்க்கும் பரிசோதனை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கர்ப்பகால நீரிழிவு வழிகாட்டி அதைச் சொல்கிறது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். 140க்குக் கீழே என்றால் இயல்பு. 140 முதல் 199 வரை என்றால் நீரிழிவின் வாசற்படி. 200ஐத் தொட்டால் நீரிழிவு. வெறும் வயிற்று ரத்தம் மட்டும் எடுத்தால் பலர் தப்பிவிடுவார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் சோதனையும் பிரசவத்தில் ரத்தம் போன பெண்ணிடம் சில வாரங்களுக்குப் பிசகும். குளுக்கோஸ் குடித்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரமில்லாத பெண்களுக்கு ஏற்றபடி சோதனையை மாற்றிக் காட்டியவர் நம் சென்னைக்காரர், டாக்டர் வீ. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வா என்றால் தொலைவிலிருந்து வரும் கர்ப்பிணி திரும்பி வருவதில்லை என்று கண்டு, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்த அன்றே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்ற முறையை நிலைநாட்டினார். தமிழ்நாடு அரசு 2007இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அவர் பிறந்த மார்ச் 10ஆம் தேதிதான் இன்று தேசிய கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். கர்ப்பிணிக்காக வளைந்துகொடுத்த மருத்துவம், அவள் பெற்று முடித்ததும் ஏன் விறைத்துக்கொள்கிறது? தடுப்பூசி வரிசையிலேயே குளுக்கோஸ் பொட்டலத்தைக் கொடுத்தால் பிள்ளைக்கும் தாய்க்கும் ஒரே நாளில் முடியும். பிறந்த பிள்ளையைப் பார்க்க ஆஷா பணியாளர் 42ஆம் நாள் வரை வீட்டுக்கு வருவது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. கடைசி நாள் வருகையில் "உனக்குப் பார்த்தாச்சா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

புனேத் தமிழ்ப் பெண்களுக்கு இன்னொரு சிக்கல் கூடுதலாக உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறோம். சோதனைச் சீட்டுகள் விஷ்ராந்த்வாடி பீரோவில், பிரசவம் திருநெல்வேலியில், மூன்றாம் மாதம் திரும்பும்போது ஆறாவது வாரம் கடந்திருக்கும். அங்கே உள்ளவர் இங்கே பார்த்துக்கொள்வார்கள் என்று இருப்பார். இங்கே உள்ளவர் அங்கே பார்த்திருப்பார்கள் என்று இருப்பார். இரண்டு ஊருக்கும் நடுவில் அந்தப் பெண் காணாமல் போகிறாள்.

6. "இப்ப என்ன அவசரம், அடுத்த பிள்ளைக்குப் பார்த்துக்கலாம்." அடுத்த பிள்ளைக்குத்தான் இதில் முதல் அடி விழும். கருவின் இதயமும் மூளையும் தண்டுவடமும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகிவிடுகின்றன. நாள் தள்ளிப்போனது தெரிந்து, உறுதிசெய்து, முதல் பரிசோதனைக்குப் போகும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். தாய்க்குத் தெரியாமல் உயர்ந்து கிடக்கும் சர்க்கரை அந்த வாரங்களில்தான் பிறவிக் குறைகளை விதைக்கிறது. கருச்சிதைவுக்கும் வழி செய்கிறது. நான் இரண்டாவது முறை பரிசோதனைக்குப் போனபோது எட்டு வாரம் முடிந்திருந்தது. சாப்பிட்ட பின் சர்க்கரை 236. இடையில் மூன்று ஆண்டுகள் யாரும் பார்க்கச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் இதயத்தின் நாலு அறைகளையும் அந்த மருத்துவர் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளை நலமாகப் பிறந்தான். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஆறாவது வாரச் சோதனை முடிந்து, சர்க்கரை கட்டுக்குள் இருப்பது தெரியும்வரை கருத்தடை முறை ஒன்றைக் கைக்கொள்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் முதல் நன்மை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு குரல் மிச்சமிருக்கும்: "அவ வாயைக் கட்டியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?" பழியை அவள் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவும் பேச்சு இது. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், முன்பு கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குத் தீவிரமான வாழ்க்கைமுறைப் பயிற்சியும் மெட்ஃபார்மினும் தனித்தனியே நோயை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தன. இந்தியா, வங்கதேசம், இலங்கை மூன்றிலும் பிள்ளை பெற்ற பெண்களிடம் அதையே எளிமையாக, குறைந்த செலவில் செய்து பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது, பலனில்லை. நம் பெண்களுக்கு மன உறுதி இல்லை என்று இதற்கு அர்த்தம் கொள்ளாதீர்கள். சமையல் மாமியார் கையில், பிள்ளை அவள் மடியில், தூக்கம் யாரிடமும் இல்லை என்ற வீட்டில் அறிவுரை மட்டும் கொடுத்தால் எதுவும் நடக்காது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். அவள் தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்றால் அந்த அரை மணி நேரம் பிள்ளையை வேறு யாராவது ஏந்த வேண்டும். அவள் தட்டு மாற வேண்டும் என்றால் வீட்டின் உலை மாற வேண்டும்.

ஆனி மாதத்தை ஒட்டி ஞானேஸ்வரர் பால்கி, அதாவது அவருடைய பல்லக்கு ஊர்வலம், ஆளந்தியிலிருந்து புனேக்குப் போகும்போது எங்கள் சாலை வழியாகத்தான் போகும். அதோடு நடந்து வரும் வார்க்கரி பக்தர்களுக்கு வீட்டுக்கு வீடு தேநீர் கொடுப்போம், கால் பிடித்துவிடுவோம், உட்கார இடம் கொடுப்போம். ஊர் பேர் தெரியாதவரின் களைப்பைப் பார்க்கத் தெரிந்த தெரு இது. பிள்ளை பெற்றவளின் களைப்பையும் இந்தத் தெரு பார்க்கட்டும்.

ஆகவே கணவர்களே, மாமியார்களே, அம்மாக்களே: ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும் நாளில் அவளுடைய கர்ப்பகாலச் சீட்டுகளையும் பையில் எடுத்து வையுங்கள். 75 கிராம் குளுக்கோஸ் பொட்டலம் மருந்துக் கடையில் கிடைக்கும். அவள் அதைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காரட்டும். அதுவரை பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு பிள்ளையின் பிறந்தநாள் வாரத்தில் அதையே மறுபடி செய்யுங்கள்.